சுங்கம் வாங்காத பாலமும் வழி கிடைக்காத சனமும்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரும் நெடுஞ்சாலையில் திருப்பாச்சேத்தியில் ஒரு சுங்கச்சாவடி, போகலூரில் ஒரு சுங்கச்சாவடி. கட்டணம் கூடும்போதெல்லாம் லாரிக்காரர்களும் வேன் வைத்திருப்பவர்களும் சத்தம் போடுவார்கள். கட்சிகள் ஆர்ப்பாட்டம் அறிவிக்கும். நம் தெருப் பையன்களிடம் கேட்டால், "நமக்கென்ன, பைக்குக்குத்தான் காசு கிடையாதே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் சொல்வது சரிதான். 2008-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் இருசக்கர வாகனத்துக்கும் ஆட்டோவுக்கும் டிராக்டருக்கும் விலக்கு உண்டு. ஆனால் இந்த "நமக்கென்ன" என்ற சொல் பழையது. வெள்ளைக்காரன் காலத்து ஆற்றுப் பாலங்களில் சுங்கம் வாங்கிய நாளிலிருந்து அது நம்மோடு வருகிறது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சுங்கத்தைப் பற்றிப் பேசினால் தமிழ்நாட்டில் முதலில் வரும் பெயர் முதலாம் குலோத்துங்கன். 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். வணிகப் பொருளுக்கு வாங்கிய சுங்கத்தை அவன் நீக்கினான், அதனால் வணிகர் மகிழ்ந்தார்கள். நல்லது. அவனுக்கு முன்னால் ஆண்ட ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பறைச்சேரியும் வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. வரி கேட்காத இடமாக நம்மை 1,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைச் சலுகை என்று படிப்பவர்கள் உண்டு. அதே சொல்லிலேயே 'தீண்டா' என்பதும் சேர்ந்து இருப்பதை நாம் படிக்கிறோம்.

இனி ஆற்றுக்கு வருவோம். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியில் பாலம் இல்லாத காலத்தில் படகில்தான் கடக்க வேண்டும். துறையில் கூட்டம், காத்திருப்பு, தகராறு. கலெக்டர் தாம்சன் காலத்தில் பாலம் கட்டுவதென்று முடிவாயிற்று. பணத்துக்கு என்ன வழி என்ற கேள்வி வந்தபோது, கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தையே போட்டார். மக்களிடம் வசூல் செய்ய மனம் வராமல் வீட்டு நகைகளையும் சேர்த்துக் கொடுத்தார் என்று அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். 1843-ல் பாலம் திறந்தது. அவர் பெயரிலேயே இன்றும் நிற்கிறது. அந்த மனிதரின் கொடையைக் குறைத்துப் பேச நமக்கு எந்தக் காரணமும் இல்லை. கையிலிருந்து காசு போட்டு ஊருக்குப் பாலம் கட்டுகிறவர்கள் எந்தக் காலத்திலும் குறைவுதான்.

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மேலிருந்த வாட்டர்லூ பாலத்தைப் பார்த்து அந்தப் பாலத்தை அமைத்தார்கள் என்பார்கள். ஆனால் அந்த வாட்டர்லூ பாலத்தில் 1817 முதல் சுங்கம் வாங்கினார்கள். வண்டிக்கு மட்டுமல்ல, நடந்து போகிறவரிடமும் வாங்கினார்கள். 1878-ல்தான் அது இலவசமாயிற்று. நெல்லையில் இலவசப் பாலம் திறந்த அதே 1843-ல், இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டில் ஏழை விவசாயிகள் இரவில் பெண் வேடம் போட்டுக்கொண்டு சுங்கக் கதவுகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ரெபெக்கா கலகம் என்று அதற்குப் பெயர். சுண்ணாம்பு ஏற்றிப் போகும் வண்டிக்குக் கதவுக்குக் கதவு காசு கொடுத்து மாளவில்லை என்பது அவர்கள் கோபம். அந்தக் கோபத்துக்கு அவர்களிடம் வண்டி இருந்தது காரணம். நம் தாத்தாக்களிடம் அது இல்லை.

சுங்கத்தின் சட்டக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னை மாகாணத்தில் ஊருக்கு ஊர் வாங்கிக்கொண்டிருந்த உள்நாட்டுச் சுங்கத்தைக் கும்பினி அரசு 1844-ல் ஒழித்தது. சரக்கின் மேல் விழுந்த அந்தச் சுங்கம் போனது. பிறகு சாலை, பாலத்தின் பேரில் வேறு சுங்கம் வந்தது. 1851-ஆம் ஆண்டு இந்தியச் சுங்கச் சட்டம், அரசுச் செலவில் போட்ட அல்லது பழுது பார்த்த சாலையிலும் பாலத்திலும் காசு வாங்க அதிகாரம் கொடுத்தது. 1871-ல் உள்ளாட்சி நிதிச் சட்டம், 1884-ல் உள்ளாட்சி வாரியச் சட்டம் என்று அடுத்தடுத்து வந்தன. சாலைகளைப் பராமரிக்கச் சுங்கமும் நிலத் தீர்வையோடு சேர்த்து வாங்கும் செஸ்ஸும் வாரியங்களுக்கு வருமானமாயின. படகுத்துறைகளுக்கு 1890-ல் தனிச் சட்டம் வந்தது. திருச்சியில் கொள்ளிடத்தைத் தாண்டியதும் 'நம்பர் 1 டோல்கேட்' என்று பஸ் நிற்கிறதே, சென்னைத் திருவொற்றியூர்ச் சாலையில் 'டோல்கேட்' என்கிறார்களே, கோவையில் 'சுங்கம்' என்று ஓர் இடம் இருக்கிறதே, இவையெல்லாம் அந்தக் காலத்து மிச்சம். கதவு போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த 1851 சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய சங்கதிகள் சில உண்டு. காசு கொடுக்க மறுத்தால் என்ன செய்வார்கள்? வண்டியை, மாட்டை, அல்லது அதன் மேல் இருக்கும் சுமையில் சுங்கத்துக்கு ஈடான அளவைப் பிடித்து வைப்பார்கள். 24 மணி நேரத்தில் கட்டாவிட்டால் ஏலம் வரை போகலாம். யாருக்கு விலக்கு? பட்டாளத்துக்கும் போலீஸுக்கும். இன்னொன்று, சாவடியின் அருகில் எல்லோர் கண்ணிலும் படும்படி கட்டண அட்டவணையை ஆங்கிலத்திலும் அந்த மாவட்டத்து மொழியிலும் எழுதி வைக்க வேண்டும். கூடுதலாக வசூலித்தால் என்ன தண்டனை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். சட்டம் நல்ல சட்டம்தான் என்று தோன்றும். ஆனால் அந்தப் பலகையை வாசிக்கத் தெரிந்தவர் நம் சேரியில் அன்று எத்தனை பேர்? எழுத்துக்கு உள்ளே விடாதவர்களுக்கு எழுதி வைத்த பலகையால் என்ன பயன்?

சுங்கம் வண்டிக்கும் மாட்டுக்கும்தான். நடந்து போகிறவன், தலையில் சுமை வைத்திருப்பவன் கணக்கில் வரமாட்டான். வண்டி யாருடையது? மிராசுதாருடையது, செட்டியாருடையது, மூட்டை ஏற்றும் தரகருடையது. அதன் பின்னால் நடந்தவர்கள் நாம். மூட்டையை இறக்கி ஏற்றியவர்கள் நாம். சாலைக்குக் கல் உடைத்தவர்களிலும் கப்பி பரப்பியவர்களிலும் நம்மவர்கள் எத்தனையோ பேர். ஆனால் சாவடிக்காரன் நோட்டுப் புத்தகத்தில் நம் பெயர் ஏறவில்லை. "நமக்கென்ன" என்று அன்றைக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

காசு கொடுக்காததால் நாம் வரி கட்டாதவர்கள் ஆகிவிட்டோமா? இல்லவே இல்லை. உப்புக்கு வரி இருந்தது. கூலிக்காரன் குடிக்கும் கஞ்சியில் போடும் உப்புக்கும் ஜமீன்தார் சாப்பாட்டில் போடும் உப்புக்கும் ஒரே வரி. இந்தக் கடற்கரையில் உப்பளத்தில் வேலை செய்தவனும் உப்பைக் காசு கொடுத்துத்தான் வாங்கினான். சாவடியில் வண்டிக்காரன் கொடுத்த காசு அரிசி விலையிலும் கருவாட்டு விலையிலும் வந்து ஏறியது. அதையும் வாங்கித் தின்றவர்கள் கொடுத்தார்கள். ஆக, நாம் கொடுத்தோம், ரசீது மட்டும் நம் பெயரில் இல்லை. ரசீது இல்லாதவனிடம் "இந்தச் சாலை உன் சாலையா?" என்று கேட்பது சுலபம்.

அப்படித்தான் கேட்டார்கள். நெல்லையில் இலவசப் பாலம் திறந்து 15 வருடம் ஆகியிருந்தது. 1858 டிசம்பரில் அதே நகரத்தில் ஒரு கிறிஸ்தவரின் சவ ஊர்வலம் பெரிய தெரு வழியாகப் போவதை மேல்சாதியார் மறித்தார்கள். இது கோவில் தெரு, வழக்கம் இல்லை என்பது அவர்கள் வாதம். அரசு போட்ட சாலை எல்லோருக்கும் பொது என்பது அதிகாரிகள் வாதம். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. பாலத்தில் யாரும் சுங்கம் கேட்கவில்லை. தெருவில் கேட்டார்கள், காசாக அல்ல, சாதியாக. வெள்ளைக்கார அரசும் அன்று ஏதோ நீதிக்காகவே நின்றது என்று நாம் நம்ப வேண்டியதில்லை. தன் சாலையில் தன் அதிகாரம் செல்லுபடியாக வேண்டும் என்பது அதன் கவலை. ஆனாலும் 'பொதுச் சாலை' என்ற சொல் அப்போது ஊருக்குள் வந்துவிட்டது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நம்முடைய தலைவர்கள் பிறகு ஏறி வந்தார்கள்.

1893-ல் திருவிதாங்கூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கி, தலைப்பாகை கட்டிக்கொண்டு, புலையர் நடக்கக் கூடாத பொதுச் சாலையில் ஓட்டிப் போனார். அவர் செய்ததை நன்றாகக் கவனிக்க வேண்டும். நடந்து போய் உரிமை கேட்டிருக்கலாம். அவர் வண்டியில் போனார். வண்டி என்பது கணக்கில் வருகிற பொருள் என்பது அந்தப் படிப்பறியாத மனிதருக்கு எத்தனை துல்லியமாகத் தெரிந்திருக்கிறது!

சென்னையில் இதைச் சட்ட மொழியில் சொன்னவர் ரெட்டமலை சீனிவாசன். 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டசபையில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை, கிணறு, குளம், அரசு அலுவலகம், பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் தாழ்த்தப்பட்டவர்கள் போவதையும் பயன்படுத்துவதையும் யாரும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. அரசாணை வந்தது, 1925-ல் அரசிதழிலும் வெளியானது. வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்த அதே வருடம் அது. வைக்கத்தைப் பாடப் புத்தகத்தில் படிக்கும் மாணவர்களில் எத்தனை பேர் சீனிவாசனின் தீர்மானத்தைப் படித்திருக்கிறார்கள் என்று ஆசிரியர்கள் கேட்டுப் பார்க்கலாம். பம்பாயில் 1923-ல் போலே கொண்டுவந்த தீர்மானமும் இதே வகைதான். அதை நம்பித்தான் 1927-ல் மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளினார்.

அரசிதழில் வந்தால் ஊரில் வந்துவிடுமா? நம் மாவட்டத்தின் கதையே இதற்குப் பதில். 1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்கு 8 தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் தன் புத்தகத்தில் அவற்றை எழுதி வைத்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை பனியன் போடக் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. கேட்காதவர்களின் குடிசைகள் எரிந்தன.

1931 ஜூனில் மறுபடி கூடி 11 தடைகளாக்கினார்கள். பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும் என்பது அதில் ஒன்று. இன்னொன்றைத்தான் நாம் இங்கே சொல்ல வந்தோம். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை குதிரையில் போகக் கூடாது, வீட்டுக் கதவையே பல்லக்காக வைத்துத் தூக்கிக்கொள்ள வேண்டும், எந்தக் காரியத்துக்கும் வண்டி வாகனம் பயன்படுத்தவே கூடாது.

அதே 1931-ல் சென்னை மாகாணத்தில் இன்னொன்றும் நடந்தது. மோட்டார் வண்டிகள் பெருகிவிட்டதால் அவற்றின் மேல் நேரடியாக வரி போடும் சட்டம் வந்தது. உள்ளாட்சி வாரியங்கள் சாலையில் வாங்கிக்கொண்டிருந்த பழைய சுங்கம் ஒழிந்தது. சாவடிக் கதவுகள் திறந்துகொண்டன. மாட்டுவண்டிக்காரர்களுக்கு நிம்மதி. அந்த நிம்மதி ராமநாதபுரத்துச் சேரியில் யாருக்கு? வண்டி ஏறினால் குடிசை எரியும் என்று தடை போட்ட வருடத்தில், வண்டிக்குச் சுங்கம் இல்லை என்று சட்டம் வந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்து எழுதிய வரலாற்றுப் பாடம் எதையும் நாம் பார்த்ததில்லை. சாலை வரலாறு எழுதுகிறவர்கள் சாதியை விட்டுவிடுகிறார்கள், சாதி வரலாறு எழுதுகிறவர்கள் சாலையைப் பார்ப்பதில்லை. கல்லூரியில் வரலாறு படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இங்கே வேலை இருக்கிறது.

பாம்பனைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 1914-ல் ரயில் பாலம் திறந்தது. 1988-ல் சாலைப் பாலம் வரும்வரை தீவுக்குப் போக ரயிலை விட்டால் தோணிதான். சுற்றுலா வருகிறவர்கள் அந்த ரயில் பாலத்தைப் படம் பிடிக்கிறார்கள், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தையும் பிடிக்கிறார்கள். அந்தப் பழைய பாலத்தின் மேல் போனவர்களில் பெரும் பகுதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகள். அவர்களில் கணிசமானவர்கள் பள்ளர், பறையர், அருந்ததியர். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் அவர்களை நிறுத்தி, நோய் பார்த்து, பிறகு தனுஷ்கோடிக்கு அனுப்பித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏற்றினார்கள். மண்டபம் முகாம் என்ற பெயரை நாம் இன்று வேறு காரணத்துக்காகச் சொல்கிறோம். அதன் ஆரம்பம் இதுதான்.

பாம்பன் பாலத்தில் அவர்களை நிறுத்திச் சுங்கம் கேட்டவர் யாரும் இல்லை. ஆனால் ஊரில் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்சாப்பாடு, பயணச் செலவு எல்லாம் கூலியின் பேரில் கடனாக ஏறியது. தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போதே கடன்காரனாகத்தான் சேர்ந்தான். அந்தக் கடனை ஒரு காகிதத்தில் எழுதி, தோட்டம் மாறும்போது கடனையும் சேர்த்து மாற்றினார்கள். துண்டு என்று அதற்குப் பெயர். 1920-களில் சட்டம் மாறும்வரை இந்த நிலை. வண்டிக்காரன் சாவடியில் ஒரு தடவை காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நம்மவர்கள் கடலைக் கடந்ததற்கு வருடக்கணக்கில் கொழுந்து பறித்துக் கட்டினார்கள். நடந்து வருகிறவனுக்குச் சுங்கம் இல்லை என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்கிறவர்களுக்குப் பக்கத்துக் கதைகளைச் சொல்லலாம். 1997-ல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது அரசு. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பினார்கள். தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டார்கள். மற்ற தலைவர்கள் பெயர் எழுதிய பஸ்கள் எத்தனையோ வருடம் ஓடின. நம் பெயர் ஏறியவுடன்தான் பெயர் இல்லாத பஸ்ஸே மேல் என்ற ஞானம் எல்லோருக்கும் வந்தது.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம். கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில்தான் ஆட்சியர் அலுவலகம், பக்கத்திலேயே சுலோசன முதலியார் பாலம். மனு கொடுக்க வந்தவர்களைப் போலீஸ் தடியால் அடித்து விரட்டியது. ஓட வழியில்லாமல் ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் இறந்தார்கள், பெண்களும் ஒரு சின்னக் குழந்தையும் அதில் உண்டு. மக்கள் ஆற்றைக் கடக்கச் சிரமப்படக் கூடாது என்று ஒரு மனிதர் சொந்தக் காசில் பாலம் கட்டிய அதே இடத்தில் இது நடந்தது. வருடந்தோறும் அந்த நாளில் தாமிரபரணியில் பூப்போட நம்மவர்கள் போகிறார்கள்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில் நடந்ததைச் செல்போனில் பலரும் பார்த்திருப்பீர்கள். பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழி தனியார் நிலத்தில் அடைபட்டிருந்தது. பாலம் இருந்தது, அது அரசு கட்டிய பாலம், சுங்கமும் இல்லை. பாலத்திலிருந்து இறங்கப் பாதைதான் இல்லை. உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. 1858-ல் நெல்லைத் தெருவில் மறித்ததும் ஒரு சவத்தைத்தான்.

அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவில், அரசுப் பணத்தில் முழுவதுமோ ஒரு பகுதியோ பராமரிக்கும் கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்தச் சாதியின் பேரில் தடை கூடாது என்று இருக்கிறது. 'அரசுப் பணத்தில்' என்ற அந்தச் சொல், மேலே பார்த்த பொதுச் சாலை வாதத்தின் வாரிசு. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தில் இன்னும் விளக்கமாக எழுதியிருக்கிறார்கள். சாலை, பாதை, ஆறு, சுடுகாடு ஆகியவற்றைப் பயன்படுத்தத் தடுப்பது குற்றம். சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடுப்பது குற்றம். பொது இடத்தில் செருப்போ புதுத் துணியோ போடத் தடுப்பது குற்றம். கல்யாண ஊர்வலத்தில் குதிரையிலோ வாகனத்திலோ ஏறத் தடுப்பது குற்றம். 1930-31 ராமநாதபுரம் தடைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் வரிக்கு வரி பதில் சொன்னதுபோல் இருக்கும். 85 வருடம் கழித்தும் இப்படி எழுத வேண்டியிருந்தது என்றால், அந்தத் தடைகள் ஊரில் செத்துப்போகவில்லை என்று பாராளுமன்றமே ஒப்புக்கொண்டதாகத்தான் பொருள்.

இப்போது நம் சாலைக்குத் திரும்புவோம். பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டர் நான்குவழிச் சாலையாக்க 1,853 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. சாலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் சீக்கிரம் மதுரைக்குப் போகும், மீன் கெடாமல் போகும். ஆனால் நான்குவழிச் சாலை என்பது நடுவில் சுவர் வைத்த சாலை. ஒரு பக்கம் ஊர், இன்னொரு பக்கம் காலனி என்று இருக்கிற கிராமங்களில் அந்தச் சுவர் எங்கே வந்து நிற்கும்? பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம்? சுடுகாடு எந்தப் பக்கம்? அடிவழிப் பாலம் எந்த ஊருக்குக் கிடைக்கும் என்பதை யார் போய்க் கேட்கிறார்களோ அவர்கள் ஊருக்குத்தான் கிடைக்கும் என்பது இதுவரை நாம் கண்ட அனுபவம். அடிவழி இல்லாத ஊரில் ஒரு கிலோமீட்டர் சுற்றி வர வேண்டும், இல்லையென்றால் கிழவியும் பள்ளிப் பிள்ளையும் நடுச்சுவர் ஏறிக் குதிக்க வேண்டும். சுங்கம் இல்லாதவர்கள் கொடுக்கும் கட்டணம் அது.

பஸ்ஸும் அப்படித்தான். சாவடியில் அரசு பஸ் கட்டும் காசை டிக்கெட்டில்தான் தேடுகிறார்கள். தென்மாவட்டத்தில் 4 சாவடிகளுக்கு அரசு போக்குவரத்துக் கழகங்கள் 276 கோடி ரூபாய் பாக்கி வைத்திருப்பதாகவும், பஸ்ஸை விடக் கூடாது என்றும் 2025 ஜூலையில் உயர் நீதிமன்றத்தில் விவகாரமானது. பஸ் நின்றுபோயிருந்தால் கார் வைத்திருப்பவர்களுக்கா கஷ்டம்? பைக்கும் இல்லாதவர்களுக்குத்தான்.

ஆகவே மாணவர்களிடம் சில வேலைகளைக் கேட்கிறோம். தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி நிலம் எடுப்பதற்கான அறிவிப்பின் சாரம் உள்ளூர்ப் பத்திரிகை இரண்டில் வர வேண்டும், அதில் ஒன்று தமிழில் இருக்க வேண்டும். அறிவிப்பு வெளியான 21 நாளுக்குள் ஆட்சேபணை கொடுக்கலாம். அந்த விளம்பரம் எறும்பெழுத்தில் சர்வே எண்களாக இருக்கும். பெரியவர்களால் வாசிக்க முடியாது, நீங்கள் உட்கார்ந்து வாசியுங்கள். காலனி நத்தத்தில் பட்டா இல்லாமல் குடியிருப்பவர்கள் யார் யார் என்று இப்போதே பட்டியல் எடுங்கள், ஏனென்றால் பட்டா இல்லாத வீட்டுக்கு இழப்பீடு கேட்டு வாங்குவது பெரும் பாடு. கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படமும் 'அ' பதிவேடும் கேட்டுப் பாருங்கள். சுடுகாட்டுக்குப் போகும் பாதை கணக்கில் பாதைப் புறம்போக்காக இருக்கிறதா, இல்லை யாருடைய பட்டா நிலத்திலாவது தயவில் ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். தயவில் ஓடுகிற பாதையாக இருந்தால் சாவு விழுந்த அன்றைக்குப் போய் நிற்காதீர்கள், இன்றைக்கே எழுதிக் கொடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடிவழிப் பாலமும் சுடுகாட்டுப் பாதையும் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். பொருள் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், தீர்மான நகலைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.